கிளாஸ்கோவில் தவராசாவுக்குத் தடிமன்

1

போன சனிக்கிழமை இங்குள்ள தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ரிஸ்னா கோல் எடுத்தாள். ஒரு கையில் பை, மற்றக் கையில் கத்தரிக்காய், காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசி. அவசரத்தில் கொஞ்சம் சத்தமாகவே கதைத்துவிட்டேன்.

"தவராசாவுக்குத் திரும்பவும் தடிமனோ? மூக்கு அடைச்சிட்டுதோ? சரி, துவாயால சுத்தித் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறைக்குள்ள விடு. கதவைச் சாத்திப்போட்டுச் சுடுதண்ணியைத் திறந்துவிடு. என்ன கத்துக் கத்தினாலும் வெளியில விடாதை."

கடைக்கார அண்ணை ஓமந்தை ஆள். நான் முதன்முதல் கடைக்குள் கால் வைத்த அன்றே "ஆற்ற பிள்ளை நீர்?" என்று விசாரித்து, வட்டக்கச்சித் தவராசாவின் மகள் என்று தெரிந்து வைத்திருப்பவர். தராசில் மிளகாயை வைத்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பிள்ளை, அப்பா எப்ப இஞ்சால வந்தவர்?"

"அப்பா வரேல்லை அண்ணை. அது பூனை."

"பூனைக்கு ஆர் அந்தப் பேர் வச்சது?"

"ஒருத்தரும் வைக்கேல்லை அண்ணை. தானா வந்திட்டுது."

அவர் நம்பவில்லை. பெற்ற தகப்பனைக் குளியலறைக்குள் பூட்டி வைக்கிற பிள்ளை என்றே முகம் சொன்னது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள், விளக்க நேரமில்லை. ஊரிலும் இந்தக் கதை அரைகுறையாகப் பரவி, யாரோ ஒரு மாமி அப்பாவிடமே "கிளாஸ்கோவில சுகமா இருக்கிறியளாம்" என்று கேட்டாவாம். ஆகவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

2

நான் இங்கே வந்தது படிக்க. படிப்பு முடிந்து இப்போது தண்ணீர் பரிசோதிக்கிற ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்த வாய்க்காலில் விளையாடி வளர்ந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் உண்டா என்று நான் பெருமையடித்தால், "குழாய்த் தண்ணியைப் போத்திலுக்குள்ள பிடிக்கிறதுக்கும் ஒரு பட்டம்" என்பாள் ரிஸ்னா. அவள் என்னோடு வீட்டைப் பகிர்ந்து இருக்கிறவள். முல்லைத்தீவுக்காரி. இடம்பெயர்ந்து கன காலம் புத்தளத்தில் இருந்த குடும்பம், ஊருக்குத் திரும்பி இப்போது வாப்பா மீன் வியாபாரம் செய்கிறார். அவள் இங்கே கணக்கியல் படித்துக்கொண்டு, பின்னேரங்களில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறாள்.

போன ஒக்டோபரில் ஒருநாள் வேலையால் வந்தவள் ஜக்கெற்றின் சிப்பைப் பாதிக்கு இறக்கினாள். உள்ளேயிருந்து ஒரு செம்மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. பார்த்தது என்று சொல்லக்கூடாது, இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக் கிடந்தன. மூக்கைச் சுற்றிச் சளி காய்ந்திருந்தது. மூச்சு விடும்போது தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கத் தொடங்குகிற சத்தம்.

"கடைக்குப் பின்னால காட்போட் பெட்டிக்குள்ள கிடந்துதடி. தாயைக் காணேல்லை. விட்டுட்டு வர மனம் கேக்கேல்லை."

"வீட்டுக்காரர் பூனை வைக்க விடுவாரோ?"

"இதைப் பார்த்து ஆரும் பூனை எண்டு சொல்லுவினமோ?"

அடுத்த நாள் கூடைக்குள் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வரவேற்பில் இருந்த பெண் முதலில் குடும்பப் பெயரைக் கேட்டாள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர்தான் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலையிடத்திலும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத மனிசன், இந்த நகரத்தில் நாளுக்குப் பத்துத் தடவை அழைக்கப்படுகிறார். நான் சொன்னேன், அவள் எழுத்துக்கூட்டி அடித்தாள். பிறகு, "இவருடைய பெயர்?" என்று கூடையைக் காட்டினாள்.

நானும் ரிஸ்னாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் பக்கம் நாய்க்குப் பெயர் உண்டு, மாட்டுக்கு உண்டு. பூனைக்குப் பெயர் வைத்து யார் கண்டது? பூனை தன்பாட்டுக்கு வரும், தன்பாட்டுக்குப் போகும், "பூஸ் பூஸ்" என்றால் எல்லாப் பூனையும் வரும்.

"பேந்து சொல்லுறம் எண்டு சொல்லு," என்றாள் ரிஸ்னா. சொன்னேன். அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு எதையோ தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் வைத்தியர் கதவைத் திறந்து, "தவராசா!" என்று கூப்பிட்டா. வழக்கம்போல நான் எழும்பினேன். அவ என்னைத் தாண்டிக் குனிந்து, கூடைக்குள் பார்த்து, "வாங்கோ தவராசா, எப்படிச் சுகம்?" என்று அன்பாக விசாரித்தா. ரிஸ்னா சிரிப்பை அடக்க முடியாமல் நாய் வளர்ப்பு விளம்பரத்தை வாசிக்கிற மாதிரிச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

வைத்தியர் சோதித்துக்கொண்டே, "ஆள் பிரைட்டாக இருக்கிறாரா?" என்று கேட்டா. இங்கே அதற்கு, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று அர்த்தமாம். நான் படிப்பைப் பற்றித்தான் யோசித்தேன். "இன்னும் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் கெட்டிக்காரனாக வருவான்" என்று உறுதி கொடுத்தேன்.

பூனைகளுக்கு வருகிற சளிக் காய்ச்சல். மருந்து தந்தா. தைலம், எண்ணெய் ஒன்றும் கிட்டக் கொண்டுபோகக்கூடாது, பூனைக்கு அது நஞ்சு. வெறும் சுடுநீராவி போதும். சாப்பிட வைப்பதுதான் முக்கியம் என்று இரண்டு தரம் சொன்னா. மூக்கு அடைத்தால் பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் முன்னால் வைத்தது சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது.

3

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னம் அம்மாவை வீடியோவில் எடுப்பேன். எனக்குக் காலைத் தேத்தண்ணி, அவவுக்கு மத்தியானச் சமையல் முடிகிற நேரம். அன்று பூனையைக் காட்டினேன், மருந்துப் போத்திலையும் காட்டினேன். அம்மா ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பா. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, போத்திலில் ஒட்டியிருந்த பெயரை வாசிக்கத் தொடங்கினா.

"த... வ..."

அதோடு நின்றுவிட்டா. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நேரில் "இஞ்சேருங்கோ". என்னிடம் "கொப்பர்". ஊராரிடம் "எங்கட வீட்டுக்காரர்". அப்பாவோ வயலிலிருந்து படலை திறக்கும்போதே "மலர்!" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கிற நேரம் அம்மா நட்சத்திரத்தைச் சொல்லுவா, பெயருக்கு என் முழங்கையை இடிப்பா. கிராம சேவையாளரிடம் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெயர் சொல்கிற வேலை எனக்கு. யுத்தம் முடிந்து அகதி முகாமில் பதிவு எடுத்தபோது, அப்பா வேறு வரிசையில் நின்றார், குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். அத்தனை சனம் அழுது களைத்து நின்ற அந்த இடத்திலும் அம்மா என் தோளில் கையை வைத்தா. நான் மேசைக்கு எட்டி நின்று சொன்னேன்.

பயத்தில் அல்ல. எங்கள் வீட்டில் என்ன விதைப்பது, எதை விற்பது என்பதெல்லாம் அம்மாவின் முடிவு. பெயர் மட்டும் வாயில் வராது. ஏன் என்று கேட்டால், "அது அப்பிடித்தான் பிள்ளை."

"என்னம்மா, வாசியுங்கோவன்," என்றேன், வேணுமென்றே.

"எனக்கு எழுத்து விளங்கேல்லை," என்றா, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. பிறகு வாயைப் பொத்திச் சிரித்தா. சிரிப்புச் சத்தத்துக்கு அப்பா வந்தார். விசயம் விளங்கியதும் அவருக்குக் கோபம்.

"ஆம்பிளை ஒருத்தன்ர பேரைப் பூனைக்கோ? உதுக்கோ உன்னைப் படிப்பிச்சு அனுப்பினது? முதல் வேலையாப் போய் மாத்து."

மாற்றுவதற்கு நேரம் இருக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க நானும் ரிஸ்னாவும் மாறி மாறிக் குளியலறையில் குடியிருந்தோம். சுடுதண்ணியைத் திறந்துவிட்டு, கண்ணாடி முழுக்க ஆவி படிய, தொட்டில் பிள்ளை போல அவனை மடியில் வைத்துக்கொண்டிருப்பது. நான் ஆய்வுக் கட்டுரைகளைச் சத்தமாக வாசிப்பேன். ரிஸ்னா வரிப் பாடம் படிப்பாள். அம்மா நொச்சி இலை போட்டு வேது பிடிக்கச் சொன்னா. எந்த இலையும் கூடாதாம், வெறும் நீராவிதானாம் என்றேன்.

"வெறும் தண்ணியில வேதோ? அதுக்குப் பேர் குளிப்பு."

அந்தக் கிழமை அம்மா என் கலியாணக் கதையை எடுக்கவே இல்லை. அதற்காகவே அந்தப் பூனைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

4

ஆனால் அவன் சாப்பிடவில்லை.

முதலிரண்டு நாள் ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பிறகு அதையும் துப்பினான். முதுகெலும்பு விரலுக்கு மணி மணியாகத் தட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமை வைத்தியர் நிறுத்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னா: திங்கட்கிழமைக்குள் தானாகச் சாப்பிடத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கி, சாப்பாடு செலுத்தக் குழாய் போட வேண்டும். இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று அவவால் சொல்ல முடியாது.

எதைக் கண்டாலும் உடனே விழுந்து படிக்கிற ஆள் நான். அன்று வீடு முழுக்கக் கோப்பைகள். சூடாக்கிய கோழி, தகரத்து மத்தி மீன், குழந்தைகளுக்கு விற்கிற இறைச்சிக் கூழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை வைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு கோப்பைக்கும் முகத்தைத் திருப்பினான். தொடாத கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவி அடுக்கினேன். ஒரு கிழமைப் பழக்கம்தான். இருந்தாலும் இரவில் அவன் என் கழுத்துக்குள் தலையை வைத்துத்தான் மூச்சு இழுப்பான்.

சனிக்கிழமை காலை ரிஸ்னா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மணம்தானேடி வேணும்?"

"ஓம்."

"உலகத்தில மணம் கூடின சாமான் எங்கட அலுமாரிக்குள்ள கிடக்கு."

அவளுடைய உம்மா முல்லைத்தீவிலிருந்து அனுப்பிய கருவாடு. விமானத்தில் மணக்கக்கூடாது என்று பொலித்தீனுக்கு மேல் பொலித்தீனாகச் சுற்றி, குளிர் உடுப்புகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். உப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அவித்து ஊற்றி, திரும்ப அவித்து ஊற்றி, உப்பெல்லாம் போன பிறகு, முள் நீக்கி நூல் போல உதிர்த்துக் கோழியோடு பிசைந்தோம். உப்பு போனதே தவிர மணம் போகவில்லை. ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டோம், மேல் மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அம்மாவை எடுத்து, கைபேசியைப் பால் பெட்டியில் சாய்த்து வைத்தேன். அப்பா உரம் எடுக்கப் போயிருந்தார்.

துவாய்க்குள் இருந்தவனின் மூக்கடியில் கோப்பையைப் பிடித்தேன். முகத்தைத் திருப்பினான். அந்தப் பக்கம் பிடித்தேன். இந்தப் பக்கம் திருப்பினான்.

"பூஸ் பூஸ்," என்றா அம்மா. "இஞ்ச பார். பூஸ்." அவன் கண்ணை மூடினான்.

"அம்மா, திங்கட்கிழமை குழாய் போடவேணுமாம்." கோப்பையைத் திரும்பவும் அவன் மூக்கடிக்குக் கொண்டுபோனேன். "தாங்குமோ தெரியாதாம்."

அம்மா திரும்பி முற்றப் பக்கம் பார்த்தா. மற்றப் பக்கமும் பார்த்தா. பிறகு திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தா, நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"தவராசா."

ரிஸ்னாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"தவராசா, சாப்பிடு ராசா. உப்பிடிப் பிடிவாதம் பிடிச்சா நாங்கள் என்ன செய்யிறது? எத்தனை பேர் உனக்காண்டி நிக்கிறம். ஒரு வாய். ஒரு வாய் சாப்பிடு தவராசா."

அவன் தும்மினான். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படியொரு தும்மல் வரும் என்று நான் நினைக்கவில்லை. சளி என் கண்ணாடியில் தெறித்தது. அவனே திடுக்கிட்டுத் தலையை உயர்த்தினான். மூக்கு ஒருமுறை சுருங்கியது, விரிந்தது. பிறகு கோப்பைக்குள் முகத்தை வைத்தான்.

"என்ன, சாப்பிடுதோ? சொல்லுங்கோவன், சாப்பிடுதோ?"

"உம்மா எனக்கெண்டு அனுப்பின கருவாடு," என்றாள் ரிஸ்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு ஒரு துண்டு மிச்சம் விடுறானில்லை."

கைபேசியை வைக்க முன்னம் அம்மா சொன்னா: "பிள்ளை, கொப்பருக்குச் சொல்லிப்போடாதை."

5

யார் காப்பாற்றியது என்பதில் இன்றுவரைக்கும் தகராறு. வைத்தியர் மருந்து என்கிறா. நான் நீராவி என்கிறேன். ரிஸ்னாவுக்குக் கருவாடு. அம்மா வாய் திறப்பதில்லை, ஆனால் தன்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்கிற முகமும் இல்லை.

ஒருமுறை வாயில் வந்த பெயர் அதன்பிறகு நிற்கவில்லை. நாள்தோறும் கூப்பிட்டா. முதலில் கொஞ்சல். அவன் தேறி, திரைச்சீலையில் ஏறத் தொடங்கியதும் ஏச்சு. கொஞ்ச நாளில் அந்த ஏச்சில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தவராசா, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வச்சால் கை தேஞ்சு போமோ?"

"தவராசா, உரம் எடுக்கப் போறன் எண்டு போட்டுச் சந்தியில நிண்டு கதை அளக்கிறியோ?"

கிளாஸ்கோவில் என் கட்டிலில் மல்லாந்து கிடக்கிற பூனைக்கு உரமும் தெரியாது, சந்தியும் தெரியாது. அம்மாவுக்குப் பின்னால் கதிரையில் ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருப்பார். அந்தப் பேப்பர் ஒரு பக்கமும் திரும்பாது. முப்பது வருசத்துப் பாக்கி, தவணை தவணையாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அந்தப் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உதுக்கு இப்ப தடிமன் எப்பிடியாம்?" என்று குரல் வந்தது. அதன்பிறகு தினமும் வந்தது.

தடிமன் போகவில்லை. குளிர் கூடினால் வரும், நாங்கள் இரண்டு நாள் வீட்டில் இல்லாவிட்டால் வரும், குப்பைக் கூடையை இடம் மாற்றி வைத்தால்கூட வரும். கண் கலங்கும், மூக்கு அடைக்கும், உடனே குளியலறை, சுடுதண்ணி, மடி. கிருமி உடம்புக்குள்ளேயே இருக்குமாம், சீவியம் முழுக்க இப்படித்தான் வந்து வந்து போகும், ஆனால் சாப்பிடுகிறவரைக்கும் பயமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டா. முழுதாகச் சுகமாகாத பூனையை எவ்வளவு காலத்துக்குப் பார்ப்பது என்று நான் அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன்.

"நெல்லுச் சூடடிக்கிற நாளையில தூசு பட்டாக் கொப்பரும் ரெண்டு மாதம் நிண்டு தும்முவார். அதுக்காண்டி நான் அவரைத் திருப்பி அனுப்பினனானோ?"

பேப்பர் அசைந்தது. "நான் போறன் எண்டு சொன்னாலும் விடமாட்டாய்," என்றது.

வீட்டுக்காரருக்கும் ஒருவழியாக எழுதி அனுமதி வாங்கினோம். தரைவிரிப்பைக் கவனிக்கச் சொன்னார். கட்டடத்தில் சில வேளைகளில் வீசுகிற ஒரு மணத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

6

நேற்று அவனைச் சோதிக்கக் கொண்டுபோனோம். நிறை கூடியிருக்கிறது. இனிக் குழாய்ப் பேச்சே இல்லை, கிழமைக்கு ஒருமுறை வரவும் தேவையில்லை. அவன் எங்களோடுதான் இருக்கப்போகிறான் என்பதால், அவனுக்கென்று நிரந்தரப் பதிவு செய்ய வேண்டும் என்றாள் வரவேற்புப் பெண். திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் குடும்பப் பெயர்தான் கிடக்கிறதாம். "அன்று நான் விட்ட பிழை, மன்னியுங்கோ. சரியான பெயரை இப்பவே போட்டுவிடலாம். என்ன பெயர்?"

ரிஸ்னா ஒரு மாதமாகவே "மாம்பழம்" என்று ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நல்ல பெயர்தான். அப்பா மாற்றச் சொன்னதும் நினைவில் இருந்தது. வரிசையில் யாரும் இல்லை, அம்மாவை எடுத்தேன்.

"அம்மா, பேரை மாத்தலாமாம். இப்பவே சொல்லவேணும். மாத்தட்டோ?"

அம்மாவின் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. கையில் இருந்த அகப்பையைப் பார்த்தா.

"மாத்தத்தான் வேணுமோ?"

"அப்பாவுக்குத்தானே பிடிக்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

"அவற்ற பேரெல்லோ. நான் என்னண்டு சொல்லுறது?" கொஞ்சம் யோசித்தா. "பொறு, கேட்டுச் சொல்லுறன்."

கைபேசியைப் பிடித்தபடியே எழும்பிப் பின் கதவடிக்குப் போனா. திரையில் கூரை ஓடு, பிறகு வெளிச்சம், பிறகு கிணற்றடி வாழை. அம்மா குரலை எடுத்து,

"தவராசா!" என்றா.

கூடைக்குள் இருந்தவன் காதை நிமிர்த்தினான். நானும் ரிஸ்னாவும் மூச்சு விடவில்லை. அங்கே அம்மாவும் விடவில்லை என்று நினைக்கிறேன். கைபேசி தாழ்ந்துவிட்டது. ஒரு செருப்பும் ஈர நிலமும் மட்டும் தெரிந்தன.

கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"ஓம், வாறன்."

அவ்வளவுதான். கலியாணம் கட்டின நாள் முதல் அம்மா அப்படித்தான் கூப்பிட்டு வந்தது போல, சாதாரணமாக. ஈரக் கால் இரண்டு திரைக்குள் வந்து நின்றன. அம்மா கைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாழைப் பக்கம் திரும்பி நின்றா.

அப்பா கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை?"

"பூனையின்ர பேரை மாத்தட்டோ எண்டு கேக்கினம் அப்பா. மாத்தட்டோ?"

அவர் ஒருமுறை அம்மா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கூப்பிட்டா வருகுதெல்லோ? பேந்தென்னத்துக்கு மாத்திறது?"